அரபுக் குதிரையும் நேப்பியர் புல்லும்

மலேசியாவின் சுங்கை சிப்புட் சுற்றுவட்டாரத்தில் மாடு வளர்க்கும் தமிழர் வீடுகள் இன்னும் இருக்கின்றன. ஆடு, கோழி, வாத்து எல்லாம் உண்டு. குதிரை என்று விசாரித்தால் எங்கள் வீட்டுக்குத்தான் வழி சொல்வார்கள். பெரிய பங்களாவை எதிர்பார்த்து வருகிறவர்கள் தகரக் கூரை லாயத்தையும் பக்கத்திலேயே துணி காயும் கொடியையும் பார்த்துக் கொஞ்சம் ஏமாந்துதான் போவார்கள். தாத்தா ஈப்போ பந்தயத் திடலில் குதிரைக்காரர். அப்பா லோரி ஓட்டுநர். அண்ணன் சில வருடம் வளைகுடா நாட்டு லாயம் ஒன்றில் வேலை பார்த்தவர். நான் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. எங்கள் வம்சாவளி இவ்வளவுதான். குதிரைகளின் வம்சாவளி இதைவிட நீளம்.

அரபுக் குதிரை வாங்கிக் குட்டி எடுக்க வேண்டும் என்ற ஆசையோடு வருகிறவர்கள் முகவெட்டைப் பற்றிப் பேசுவார்கள், வால் தூக்குவதைப் பற்றிப் பேசுவார்கள். எகிப்து ரத்தமா, போலந்து ரத்தமா என்று போனில் படம் காட்டிக் கேட்பார்கள். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "என்ன புல் போடப் போறீங்க?" அதற்குப் பதில் இல்லையென்றால் மற்றதைப் பேசிப் பிரயோசனம் இல்லை. ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதற்குச் செம்பாவின் கதையைச் சொல்லியாக வேண்டும். அதற்கு முன்னால் தாத்தா.

தாத்தா பிறந்தது தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில். 1948 ஜூனில் எங்கள் வட்டாரத்துத் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார் ஒரே நாளில் சுட்டுக் கொல்லப்பட்டு, நாடு முழுக்க அவசரகாலம் வந்தது. முள்வேலியும் ஊரடங்கும் அரிசி ரேஷனுமாகக் கிடந்த தோட்டத்தை விட்டு ஈப்போவுக்கு வேலை தேடிப் போன பையன்களில் அவரும் ஒருவர். பேராக் டர்ஃப் கிளப்பில் லாயம் கூட்டுகிற வேலை கிடைத்தது. பிறகு குதிரைக்காரர் ஆனார். தரோபிரெட் என்ற பந்தயக் குதிரைகளோடு வாழ்நாளைக் கழித்துவிட்டு, ஓய்வுக்குப் பிறகு சுங்கை சிப்புட் ஓரத்தில் ஒரு துண்டு நிலம் வாங்கிக் குடியேறினார்.

எந்தக் குதிரையைக் காட்டினாலும் அவர் முகத்தைக் கடைசியில்தான் பார்ப்பார். காலை, லத்தியை, தோலை முதலில் பார்ப்பார். விடிந்ததும் தீனி போடுவதற்கு முன் நாலு காலையும் மேலிருந்து கீழே தடவிக்கொண்டு வருவார். ஒரு கால் மற்ற மூன்றைவிடச் சூடாக இருந்தால் அன்றைக்கு ஓட்டம் கிடையாது. லத்தி குறைந்திருந்தால் அப்போதே ஆளைக் கூப்பிடுவார். குதிரைக்கு வாந்தி எடுக்க வராது. வயிற்றில் அடைப்பு வந்தால் மேல்வழி இல்லாததால் வயிற்றுவலி சீக்கிரமே உயிர்ப் பிரச்சினை ஆகிவிடும். குதிரை விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பது, முன்காலால் தரையைப் பறிப்பது, படுத்து உருள்வது எதைக் கண்டாலும் தீனியை எடுத்துவிட்டு டாக்டருக்குப் போன் போடுங்கள். கஷாயம் கொடுத்துப் பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். தாத்தாவே கேட்கமாட்டார்.

அரபுக் குதிரை எங்கள் வீட்டுக்குள் வந்தது அப்பாவால். 2008 நவம்பரில் திரெங்கானுவின் செத்தியூவில் எண்டியூரன்ஸ் என்ற நெடுந்தூரக் குதிரை ஓட்டத்தின் உலக சாம்பியன்ஷிப் நடந்தது. 160 கிலோமீட்டர் ஓட்டம். கூடாரச் சாமான் ஏற்றிக்கொண்டு போன லோரிகளில் ஒன்று அப்பாவுடையது. சாமானை இறக்கியவர் திரும்பி வரவில்லை, போட்டி முடியும்வரை அங்கேயே இருந்துவிட்டார். ஸ்பெயின் பெண்மணி மரியா மெர்சிடெஸ் அல்வாரெஸ் 'நோபி' என்ற குதிரையில் ஜெயித்ததை இன்றைக்கும் தன் சொந்தக்காரர் ஜெயித்ததுபோலச் சொல்வார். அவரை அசத்தியது வேகம் அல்ல. ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் குதிரையின் இதயத்துடிப்பு குறித்த நேரத்துக்குள் நிமிடத்துக்கு 64 ஆக இறங்கவேண்டும், இறங்காத குதிரை வெளியே. புழுக்கத்தில் மனுஷனுக்கே மூச்சு வாங்கும் ஊரில், ஒடிசலான அந்தக் குதிரைகள் கொஞ்ச நேரத்தில் நிதானத்துக்கு வருவதை அப்பா பார்த்தார். வீட்டுக்கு வந்து தாத்தாவிடம் சொன்னார். தாத்தா கேட்டது: "ரெண்டு நிமிஷம் ஓடுற குதிரைக்கே நான் ராத்திரி முழுக்க முழிச்சிருந்தேன். நாள் பூரா ஓடுறதுக்கு யாருடா முழிச்சிருக்கிறது?"

அடுத்த வருடமே வெள்ளச்சி வந்துவிட்டாள். எண்டியூரன்ஸில் ஓடி ஓய்ந்த, ஆஸ்திரேலியாவில் பிறந்த பெட்டைக் குதிரை. நல்ல வெள்ளை. ஓய்வுபெற்ற ஓட்டக் குதிரைகளை உரிமையாளர்கள் குறைந்த விலைக்கு விடுவதுண்டு. குட்டி எடுக்க நினைக்கிற சின்னக் குடும்பத்துக்கு இது நல்ல வழி என்பேன். கால் எப்படிப்பட்டது என்பதை அந்தக் குதிரை ஏற்கெனவே ஓடிக் காட்டிவிட்டது. ஆனால் காகிதம் பார்க்காமல் வாங்கக்கூடாது. பிறந்த நாட்டு ஸ்டட் புக் என்ற வம்சாவளிப் பதிவேட்டில் பதிவு, பாஸ்போர்ட், கழுத்தில் இருக்கும் மைக்ரோசிப் எண், கைமாறியதற்கான கையெழுத்து எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தவேண்டும். சிப்பை நம் கண்முன்னால் ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். காகிதம் இல்லாத தாயின் குட்டி எவ்வளவு அழகாக இருந்தாலும் தூய அரபு என்று பதிவாகாது. பதிவாகாத குட்டி தூய அரபுப் பிரிவில் களமிறங்க முடியாது.

பாட்டி பார்த்தது சுழி. நெற்றிச் சுழி, கழுத்துச் சுழி, வயிற்றுச் சுழி என்று விரல் வைத்து எண்ணி, "குடும்பத்துக்கு ஆகும்" என்றார். அப்பா சிரித்தார். பாஸ்போர்ட்டைத் திறந்தால் அதிலும் குதிரைப் படம் வரைந்து சுழி இருக்கும் இடமெல்லாம் குறித்திருந்தது. அடையாளத்துக்காகத்தான், ராசிக்காக இல்லை. பாட்டிக்கு அந்த வேறுபாடு முக்கியமாகப் படவில்லை.

வெள்ளைக் குதிரை வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: வாலைத் தூக்கிப் பாருங்கள். அவை பெரும்பாலும் கறுப்பாகவோ பழுப்பாகவோ பிறந்து, வயது ஏற ஏற வெளுக்கிற 'கிரே' குதிரைகள். வெள்ளை மறு இல்லாத இடத்தில் தோல் எப்போதும் கறுப்புத்தான். இந்த நிறத்துக் குதிரைகளில் 15 வயதைத் தாண்டியவற்றில் பத்தில் எட்டுக்காவது மெலனோமா கட்டிகள் வரும், அதிகமும் வாலடியில். பல காலம் தொந்தரவில்லாமல் இருக்கலாம். ஆனால் தெரிந்து வாங்குவது வேறு. வெள்ளச்சிக்கும் இப்போது இருக்கிறது.

இனி செம்பா. அவளை வாங்கியது முகத்துக்காக மட்டுமே, அதில் அப்பாவுக்கே மறுப்பில்லை. செஸ்ட்நட் என்ற செம்பழுப்பு நிறம், பெரிய கண், நெற்றிக்குக் கீழே உள்வாங்கி மூக்கு நுனியில் மறுபடி எழும்பும் அந்த அரபு வளைவு. வேறு மாநிலத்தில் ஒருவர் லாயத்தில் இருந்தாள். வந்த புதிதில் நடை மட்டும் கொஞ்சம் கட்டையாக இருந்தது. ஒரு நாள் முன்காலில் நொண்டுவாள், மறுவாரம் பின்காலில். லோரியில் வந்த அலுப்பு என்றார் ஒருவர். லாடம் என்றார் இன்னொருவர். தாத்தா காலைத் தடவிப் பார்த்து, "சூடு இல்ல. இது கால் வியாதி இல்ல" என்றார். அதற்கு மேல் அவருக்கும் பிடிபடவில்லை.

கொஞ்ச நாளில் கண்ணுக்குக் கீழே இரண்டு பக்கமும் எலும்பு மேடிட்டது. எந்த வளைவுக்காக அவளை வாங்கினோமோ அது நிரம்பிக்கொண்டே வந்தது. ஈப்போவிலிருந்து வந்த கால்நடை மருத்துவர் முகத்தைத் தொட்டுப் பார்த்த கையோடு கேட்டது, "முன்னாடி இருந்த இடத்துல என்ன சாப்பாடு?" விற்றவருக்குப் போன் செய்தோம். நேப்பியர் புல்லும் அரிசித் தவிடும், வயிறு நிறைய. வேறு ஒன்றும் இல்லை.

நோயின் பெயர் 'பிக் ஹெட்'. விஷயம் இதுதான். நேப்பியர், கினி, செட்டேரியா, சிக்னல் புல் போன்ற வெப்பநாட்டுப் புற்களில் ஆக்சலேட் என்ற உப்பு அதிகம். அது குடலிலேயே கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். புல்லில் கால்சியம் இருந்தும் குதிரையின் உடம்புக்குப் போய்ச் சேராது. தவிடு இன்னொரு பக்கம் பாஸ்பரஸை ஏற்றிவிடும். அதில் கால்சியம் மிகக் குறைவு. ரத்தத்தில் கால்சியம் குறைய விடாமல் உடம்பு எலும்பிலிருந்து எடுத்துச் செலவழிக்க ஆரம்பிக்கும். எலும்பு இருந்த இடத்தில் நார்த் திசு வளர்ந்து முகம் வீங்கும். முகம் தெரிவதற்கு முன்னாலேயே மூட்டுகள் வலிக்கும். செம்பா கால் மாற்றி மாற்றி நொண்டியது அதனால்தான். ரத்தப் பரிசோதனையில் கால்சியம் சரியாகவே காட்டலாம், ஏனென்றால் உடம்பு எலும்பை உருக்கி அதைச் சரியாக வைத்திருக்கிறது. அந்தக் காகிதத்தைப் பார்த்து நிம்மதி அடைந்துவிடக்கூடாது.

பக்கத்து வீட்டு அண்ணனுக்கு இது நம்பமுடியவில்லை. "இதே புல்லத் தின்னுதான் என் மாடு பால் கறக்குது!" உண்மைதான். மாட்டின் முதல் வயிற்றில் இருக்கும் நுண்ணுயிர்கள் ஆக்சலேட்டைச் சிதைத்துவிடும். குதிரைக்கு அந்த வயிறு இல்லை. தோட்டப்புறத்தில் குதிரை வளர்க்க வருகிறவர்கள் எல்லாரும் மாட்டு அனுபவத்தோடுதான் வருகிறார்கள். சிக்கலே அங்கேதான்.

செம்பாவுக்குத் தவிட்டை நிறுத்தினோம். நேப்பியரைப் பாதியாகக் குறைத்து, லூசர்ன் (குதிரைமசால்) காய்ந்த புல் சேர்த்தோம். டாக்டர் அளந்து கொடுத்த சுண்ணாம்புத் தூளும் டைகால்சியம் பாஸ்பேட்டும் தினமும். நொண்டல் மாதக் கணக்கில் மெதுவாகத் தணிந்தது. முகம் முழுசாகத் திரும்பவில்லை. ஓரளவுதான் வற்றும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். இறக்குமதிப் புல் வாங்கிக் கட்டுப்படியாகாது என்பதால் லாயத்துக்குப் பின்னால் ரோட்ஸ் புல் போட்டோம். வேலியோரத்தில் அருகம்புல்லைப் பரவ விட்டோம். பிள்ளையாருக்குப் போடுகிற அதே அருகம்புல். இரண்டிலும் ஆக்சலேட் குறைவு. வெளிநாட்டார் பெர்முடா என்று காசு கொடுத்து விதை வாங்கி விதைப்பதும் இதைத்தான்.

அளவையும் சொல்லிவிடுகிறேன். அரபுக் குதிரை 400 முதல் 450 கிலோ இருக்கும். உடல் எடையில் 1.5 முதல் 2 சதவீதம் காய்ந்த கணக்கில் தீனி வேண்டும், அதாவது 8 கிலோ சுமார். பச்சைப் புல்லில் ஐந்தில் நாலு பங்கு தண்ணீர். புல்லை மட்டுமே போட்டால் ஒரு குதிரைக்கு நாளுக்கு 40 கிலோ அறுக்கவேண்டும். இரண்டு குதிரை என்றால் அது ஓர் ஆள் வேலை. இதைக் கேட்டபிறகு பாதிப் பேர் திரும்பி வருவதில்லை. அதுவும் நல்லதுதான்.

செம்பனைத் தோட்டத்தில் இலவசமாகப் புல் கிடைக்கிறதே என்று அறுக்கப் போகாதீர்கள். களைக்கொல்லி அடித்தது எப்போது என்று தோட்டக் கண்காணியான மண்டோரிடம் கேட்காமல் ஒரு கட்டுக்கூட எடுக்கக்கூடாது. பாராகுவாட்டை 2020-இல் நாடு தடை செய்துவிட்டாலும் வேறு மருந்துகள் அடிக்கத்தான் செய்கிறார்கள். எலிக்கு வைக்கும் விஷமும் மரத்தடியில் கிடக்கும். அதைவிட ஆபத்து கோழித் தீனி. சில கோழித் தீனிகளிலும் மாட்டுத் தீனிகளிலும் மோனென்சின் என்ற மருந்து கலந்திருக்கும். கோழிக்கு அது நோய்த் தடுப்பு, குதிரைக்குச் சிறு அளவே இதயத்தைக் கெடுத்துக் கொன்றுவிடும். எங்கள் வீட்டில் கோழித் தீனி மூட்டை லாயத்தின் பக்கமே வரக்கூடாது.

தீனி தெரியாமல் குதிரை வளர்க்கிற இந்தச் சிக்கல் தமிழர்களுக்குப் புதிதும் இல்லை. 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, அரபு நாட்டிலிருந்தும் பாரசீகத்திலிருந்தும் வருடா வருடம் ஆயிரக்கணக்கில் குதிரைகள் கப்பலில் வந்து இறங்குவதையும், பராமரிக்கத் தெரிந்தவர் இல்லாமல் அவை செத்துப்போவதையும் எழுதி வைத்திருக்கிறார். சோறும் வேகவைத்த இறைச்சியும் தீனியாகப் போட்டார்களாம். காயல் துறைமுகத்தில் அவ்வளவு பொன்னைக் கொட்டி வாங்கியிருக்கிறார்கள். நரியைப் பரியாக்கிய கதை நமக்கு மனப்பாடம், அந்தப் பரிக்கு என்ன போட்டார்கள் என்று யாரும் கேட்டதில்லை.

குட்டி எடுப்பதற்கு வருகிறேன். அரபுக் குதிரைகளில் சில மரபணு நோய்கள் உண்டு. எஸ்சிஐடி வந்த குட்டிக்கு நோய் எதிர்ப்பே இருக்காது, ஐந்து மாதத்துக்குள் தொற்று வந்து இறந்துவிடும். சிஏ என்பது சிறுமூளை தேய்வது. பிறக்கும்போது நன்றாகத் துள்ளும் குட்டி, பெரும்பாலும் ஆறு வாரத்திலிருந்து நாலு மாதத்துக்குள் தலை நடுங்கித் தள்ளாடத் தொடங்கும். லாவெண்டர் ஃபோல் என்று இன்னொன்று. எல்லாமே ஒரே மாதிரி கடத்தப்படுகிறவை. ஒரு பிரதி மட்டும் இருந்தால் குதிரை ஆரோக்கியமாக இருக்கும், அதற்குப் பெயர் கேரியர். இரண்டு கேரியர்கள் சேர்ந்தால் ஒவ்வொரு குட்டிக்கும் நாலில் ஒரு பங்கு ஆபத்து. பிடரி மயிரை வேரோடு பிடுங்கி வெளிநாட்டு ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினால் முடிவு வந்துவிடும்.

வெள்ளச்சி சுத்தம். செம்பா சிஏ கேரியர். கேரியர் என்பதால் ஒதுக்க வேண்டியதில்லை, கேரியர் இல்லாத ஆண் குதிரையோடு சேர்த்தால் போதும். பிரச்சினை ஆண் குதிரைக்காரர்களிடம்தான். ஒருவர், "என் குதிரைக்கு வியாதின்னு சொல்ல வந்தீங்களா?" என்று தேத்தண்ணீரைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துபோனார். அப்பா அவரைச் சமாதானப்படுத்தப் பார்த்தார். நான் சம்மதிக்கவில்லை. காகிதம் காட்டாத ஆண் குதிரை எத்தனை கோப்பை வாங்கியிருந்தாலும் வேண்டாம். பிறகு கெடாவில், முடிவுத் தாளைத் தானே எடுத்து நீட்டிய ஒரு மலாய்க்காரப் பெரியவரின் குதிரையிடம் வெள்ளச்சியைக் கொண்டுபோனோம்.

குளிர்நாடுகளில் பெட்டைக் குதிரைகள் பகல் நீளும் காலத்தில்தான் சினைக்கு வரும். இங்கே பகல் நீளம் ஏறக்குறைய மாறாததால் வருடம் முழுக்க வரலாம். சுழற்சி 21 நாள், அதில் ஐந்தாறு நாள் சினைப்பருவச் சூடு. சேர்த்தபின் 14 முதல் 16 நாளுக்குள் ஸ்கேன் பாருங்கள், கரு தங்கியதா என்பதற்கு மட்டுமில்லை, இரட்டையா என்பதற்கும். பசுவுக்கு இரட்டை சந்தோஷம். குதிரைக்கு இரட்டை என்றால் பெரும்பாலும் இரண்டுமே போகும், தாயும் ஆபத்தில் மாட்டும். அந்த நாட்களில் பார்த்தால் டாக்டர் ஒன்றை நீக்கிவிட முடியும்.

சினைக்காலம் 11 மாதம், சராசரி 340 நாள். கடைசி வாரங்களில் அம்மாதான் லாயத்தில் கட்டில் போட்டார். தோட்டத்து ஆயாக்கொட்டகையில் பிள்ளை பார்த்தவர் அவர், ராத்திரி முழிப்பது அவருக்குப் பழக்கம். காம்பு நுனியில் மெழுகு மாதிரித் துளி கட்டியதும் எங்களை எழுப்பினார். குதிரை பெரும்பாலும் இருட்டில்தான் ஈனும். நல்ல பிரசவம் அரைமணிக்குள் முடிந்துவிடும். முதலில் தெரிவது வெளிறிய வெள்ளைச் சவ்வாக இருக்கவேண்டும். சிவப்பு வெல்வெட் துணி போல வந்தால் நஞ்சுக்கொடி முன்னதாகவே பிரிந்துவிட்டது, குட்டிக்கு மூச்சு இல்லை என்று அர்த்தம். டாக்டர் வரும்வரை காத்திருக்காமல் உடனே கிழித்துக் குட்டியை வெளியே எடுக்கவேண்டும். எங்களுக்கு அது நேரவில்லை. ஆனால் கத்தரிக்கோலும் டார்ச்சும் ஆணியில் தொங்கிக்கொண்டுதான் இருந்தன.

அதற்கப்புறம் கடிகாரம் பார்க்கவேண்டும். ஒரு மணி நேரத்தில் குட்டி நிற்கவேண்டும், இரண்டு மணியில் பால் குடிக்கவேண்டும், மூன்று மணிக்குள் தாய்க்கு நஞ்சு விழவேண்டும். சீம்பாலில் இருக்கும் எதிர்ப்புச் சக்தியை வாங்கிக்கொள்ளும் திறன் குட்டியின் குடலுக்கு ஒரு நாள்தான், அதிலும் முதல் சில மணி நேரம்தான் முழுமையாக. மறுநாள் ஒரு ரத்தப் பரிசோதனை செய்தால் போதுமான அளவு போயிருக்கிறதா என்று தெரிந்துவிடும். அந்தச் செலவை மிச்சம் பிடிக்காதீர்கள். பிறந்தது பெண். கறுப்பாக. பெயர் குயிலி. வெள்ளைக் குதிரைக்குக் கறுப்புக் குட்டியா என்று பார்க்க வந்தவர்கள் கேட்டு ஓய்ந்தார்கள். இன்றைக்கு அவள் தாயைவிட வெளுப்பு.

அண்ணன் வளைகுடாவிலிருந்து வந்தது அப்போதுதான். அங்கே காட்சிக் குதிரைகளைக் கவனித்த பழக்கத்தில், குட்டிக்கு ஒரு மாதம் ஆவதற்குள் லாடக்காரரைக் கூட்டி வந்தார். குயிலிக்கு முன்கால் லேசாக வெளித்திரும்பல். குளம்புக்கு மேலே உள்ள மூட்டின் வளர்ச்சித் தட்டு மூன்று மாதத்துக்குள் ஏறக்குறைய நின்றுவிடும். அதற்குள் குளம்பைச் சரியாகச் செதுக்கினால் திருத்தலாம், பிறகு காலம் முழுக்க அப்படித்தான். தாத்தாவும் அண்ணனும் ஒத்துப்போன முதல் விஷயம் இது.

ஐரோப்பிய முறையில் நடக்கும் அரபுக் குதிரைக் காட்சிகளில் ஐந்து தலைப்பு. இனத்தன்மை, தலையும் கழுத்தும், உடம்பும் முதுகுக்கோடும், கால், நடை. ஒவ்வொன்றுக்கும் 20. சவாரி இல்லை, கையில் பிடித்தே நிறுத்தி, ஓடவிட்டுக் காட்டவேண்டும். அண்ணன் அப்பாவிடம் அடிக்கடி சொல்வது, "முகத்துக்கு எவ்வளவோ அவ்வளவுதான்ப்பா காலுக்கும்." எங்கள் முதல் சிறிய காட்சியில் குயிலிக்குத் தலைக்கு 18, காலுக்கு 14. தாத்தா அந்தத் தாளை வாங்கி, 14-ஐ மட்டும் விரலால் தட்டிக் காட்டினார். 18-ஐ அப்பா சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்.

காட்சிக்குப் பழக்குவதில் அண்ணன் சாட்டையை எடுப்பதே இல்லை. அங்கே மிரட்டி நிறுத்திய குதிரைகளைப் பார்த்திருக்கிறார். கண் வெளுத்து, கழுத்து நீண்டு நிற்கும். படத்துக்கு அழகாகத்தான் இருக்கும். எங்கள் வீட்டில் ஒரு துண்டு கேரட், ஐந்து நிமிடம், நிறுத்தம். மறுநாள் மறுபடி. பளபளப்புக்கு எண்ணெய் பூசுவதைவிடத் தாத்தா சொன்ன வழிதான் சிறந்தது: வைக்கோலைத் திரித்து முறுக்கி, தினம் உடம்பைத் தேய்த்துவிடுவது. எண்ணெயும் நம் ஊர் வெயிலும் சேர்ந்தால், வெள்ளை மறு இருக்கும் இடத்தின் இளஞ்சிவப்புத் தோல் வெந்துவிடும். மூக்கு மீசையையும் கண்ணோர முடியையும் மழிப்பது முன்பு வழக்கம். குதிரை அவற்றால்தான் பக்கத்தில் இருப்பதை உணர்கிறது. உலகக் குதிரையேற்றச் சம்மேளனம் 2021 ஜூலையிலிருந்து தன் போட்டிகளில் அதைத் தடை செய்துவிட்டது. நாங்கள் எங்கும் மழிப்பதில்லை.

கோப்பையில் வருமானம் இல்லை. வருமானம் வந்தது வேறு வழியில். பக்கத்துத் தோட்டத்து மதுரை வீரன் கோயில் திருவிழாவுக்கு வெள்ளைக் குதிரை வேண்டும் என்று தலைவர் வந்து கேட்டார். சிலைக் குதிரைக்கு முன்னால் நிஜக் குதிரை நடந்தால் எப்படி இருக்கும்! தாத்தா போட்ட நிபந்தனை: பட்டாசு கிடையாது, உருமி மேளம் முப்பது அடி தள்ளி, குதிரையின் மேல் யாரும் ஏறக்கூடாது. அதற்கு முன்னால் ஒரு மாதம், தீனி நேரத்தில் உருமி மேளச் சத்தத்தை முதலில் மெதுவாகவும் நாளுக்கு நாள் சத்தமாகவும் போட்டுப் பழக்கினோம். பிறகு ஈப்போவில் பஞ்சாபிக் கல்யாணங்களுக்கும் மாப்பிள்ளை ஏறக் கேட்டார்கள். அங்கே மாப்பிள்ளை ஏறித்தான் ஆகவேண்டும், ஆனால் கடிவாளம் அண்ணன் கையில். லாடக்காரர் செலவை இந்தக் கல்யாணங்கள்தான் கொடுக்கின்றன.

பாலைவனக் குதிரைக்கு நம் வெயில் எம்மாத்திரம் என்று நினைப்பது தப்பு. பாலைவனம் காய்ந்த சூடு, வேர்வை உடனே ஆவியாகும். இங்கே வேர்வை வழியுமே தவிரக் காயாது. சில குதிரைகள் ஒரு கட்டத்தில் வேர்ப்பதையே நிறுத்திவிடும். பந்தயத் திடலில் 'டிரை கோட்' என்பார்கள். பிடரிக்கு அடியிலும் தொடை இடுக்கிலும் மட்டும் ஈரம் இருந்து, மற்ற இடமெல்லாம் காய்ந்து, நிழலில் நின்றும் மூச்சு வாங்கினால் அதுதான். நிச்சயமான மருந்து கிடையாது. விடியற்காலை மட்டும் வேலை, மின்விசிறி, தண்ணீர் அடிப்பது, தீனியில் உப்பு. வாங்கும் முன் அந்தக் குதிரையைப் பகலில் பத்து நிமிடம் ஓடவிட்டு வேர்க்கிறதா என்று பாருங்கள். காலையில் வாருங்கள் என்று விற்பவர் வற்புறுத்தினால் மதியம் போங்கள்.

மாடுகள் பக்கத்தில் இருந்தால் சுர்ரா நோயையும் நினைவில் வையுங்கள். கடிக்கும் பெரிய ஈக்கள் வழியாக வரும் ரத்த ஒட்டுண்ணி. விட்டு விட்டுக் காய்ச்சல், மெலிவு, கால் வீக்கம். காரணமில்லாமல் குதிரை இளைத்தால் ரத்தம் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். 2020-இல் தாய்லாந்தில் ஆப்பிரிக்கக் குதிரை நோய் புகுந்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட குதிரைகள் செத்தன. அதே வருடம் மலேசியாவுக்கும் வந்தது. அதைப் பரப்பும் பூச்சி சாதாரணக் கொசுவலைக் கண்ணில் நுழையுமளவு சின்னது. நெருக்கமான வலை வாங்கி, அந்தி முதல் விடியல்வரை குதிரைகளை உள்ளே அடைத்தோம். அந்தப் பூச்சிக்குக் காற்றில் பறக்க வலு இல்லை என்பதால் விசிறியும் ஓடியது. லாயத்தின் மேல் சாய்ந்திருந்த ரம்புத்தான் மரத்தையும் வெட்டினோம். 1998-99 நிப்பா காலத்தில் 105 பேர் இறந்த நாடு இது. பழந்தின்னி வௌவால் எச்சில் படும் இடத்தில் விலங்கைக் கட்டக்கூடாது என்று அப்போதே படித்தாயிற்று. அம்மாவுக்கு மட்டும் ரம்புத்தான் மேல் வருத்தம்.

இப்போது குயிலியை அடுத்து இன்னொரு குட்டி எடுக்கும் பேச்சு ஓடுகிறது. அண்ணனுக்கு ஐரோப்பிய சாம்பியன் ஒன்றின் உறைய வைத்த விந்து வேண்டும். அது உள்ளே போனபின் அரை நாள் அளவுதான் உயிரோடு இருக்கும். கருமுட்டை வெளிவரும் நேரத்தைப் பிடிக்க ஆறு மணிக்கொரு தடவை ஸ்கேன், ராத்திரியிலும். ஈப்போவிலிருந்து டாக்டர் எத்தனை தடவை வருவார், ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு ஆகும் என்று நான் எழுதிக் காட்டினேன். அதே காசில் பின்பக்கத்துக் காலி நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து ரோட்ஸ் புல் போடலாம், கெடாப் பெரியவரின் குதிரையும் இருக்கிறது. அப்பா என் பக்கம் சாய்ந்திருக்கிறார், அந்தச் சாம்பியனின் படத்தை அண்ணன் இன்னும் அவரிடம் காட்டவில்லை என்பதால்.